ஒற்றை வெடி

பெள்ளியப்பாவின் பரம்பரைத் துப்பாக்கியை வாங்க ஒன்றரை லட்சம் வரை விலையை ஏற்றினேன். அவர் அசையவில்லை.

"இது கொன்னதவிடச் சேதி சொன்னதுதான் அதிகம், செட்டியாரே. மருமகளுக்கு இதுதான் மாசம். பேரன் பொறந்தா ஒத்த வெடி போடறது எங்க குடகு வழக்கம். கேட்டதும் வந்துடுங்க."

"இப்பவே தூக்கிட்டுப் போங்க," என்றாள் அவர் மனைவி முத்தவ்வா. "என் தலையைவிட அதுக்குத்தான் எண்ணெய் அதிகம் போடறார்."

மறுவாரம் அடைமழையில் ஒற்றை வெடி கேட்டது. இனிப்புப் பெட்டியோடு ஓடினேன்.

"தாத்தா ஆயிட்டீங்களா?"

வாசலில் துப்பாக்கியோடு நின்ற பெள்ளியப்பா பெட்டியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"மருமகளுக்கு இன்னும் வலியே எடுக்கல. முத்தவ்வா போயிட்டா. காபி குடுத்துட்டு உக்காந்தா, அவ்வளவுதான்."

"அப்போ அந்த வெடி?"

"சாவுக்கு ரெண்டு போடணும். ரெண்டாவது தோட்டா மழையில நமுத்துப் போச்சு. அவளுக்கு ஒண்ணு பாக்கி."