சுகந்தியின் மருந்து விடுப்பு

கம்பெனியில் வேலைக்காகத் தரும் சுறுசுறுப்பு மாத்திரை போட்டால் பசிக்காது, எடையும் ஏறாது. ஆனால் உடம்புக்குப் பழகிவிட்டால் மாத்திரை வேலை செய்யாது. அந்தப் பழக்கம் விடட்டும் என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியே பத்து நாள் மருந்து விடுப்பு தருகிறது. என் மனைவி சுகந்திக்கு இன்று முதல் நாள்.

"இன்னொன்னு ஊத்துங்க" என்றாள். ஆறாவது தோசை. சட்னி தீர்ந்து மிளகாய்ப்பொடிக்கு வந்திருந்தாள். மாவு தீர்ந்தால் கடைக்கு ஓடவும் நான் தயார்.

எங்கள் நான்கு வயது மகள் நிலானி மிரண்டுபோய்ப் பார்த்தாள். அம்மா இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் சாப்பிட்டுப் பார்த்த நினைவே அவளுக்கு இல்லை. எழுந்துபோய், மாத்திரை டப்பாவையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

"போட்டுக்கோம்மா. சரியாயிடும்."