பத்தரைக்கு முன் ஒரு கூறை

“சம்மந்தி, நீங்கள் உள்ளுக்கை வரவேண்டாம். உதிலை இருங்கோ. சாமான் பையளையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.”

உதயகலா இப்படிச் சொன்னது கொழும்பில், புறக்கோட்டைச் சீலைக் கடை வாசலில். அவள் மாப்பிள்ளையின் தாய். ‘வாங்கோ, கூறை எடுக்க ஒண்டாப் போவம்’ என்று யாழ்ப்பாணம் புத்தூருக்கு ரெலிபோன் எடுத்துக் கூப்பிட்டதும் இதே உதயகலாதான்.

பெண்ணின் தாய் நாகேஸ்வரி படியோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் நிமிர்ந்தபடியே வந்த முதுகு. அதற்கு இருக்கக் கிடைத்ததே போதும்.

காரணம் அவளுக்குத் தெரியும். உதயகலாவின் பெரிய மச்சாள் நல்லம்மா சற்றுமுன் முணுமுணுத்தது தெருவுக்கே கேட்டது.

“கூறை எடுக்கிற இடத்திலை புருசன் இல்லாதவ என்னத்துக்கு? அவவின்ரை கை படக்கூடாது, சொல்லிப்போட்டன். பத்தரைக்கு முன்னம் எடுத்திடோணும். பிறகு ராகுகாலம்.”

அதற்கு உதயகலா எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் நாகேஸ்வரிக்குச் சுட்டது. நல்லம்மா பழைய ஆள், சொல்லட்டும். இவளுக்கு வாய் எங்கே போனது?

பன்னிரண்டு வருசம் ஒற்றை ஆளாய் வெங்காயத் தோட்டம் செய்து மகள் வினோஜாவை ஆளாக்கியவள். பிள்ளையின் கூறையைப் பார்த்து ‘இது நல்லாயிருக்கு’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாள்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒருவன் சிங்களத்தில் கூவ, பக்கத்தில் நின்றவன் அதையே தமிழில் கூவிச் செருப்பு விற்றான். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் ஊதுபத்தி விற்றார். தள்ளுவண்டிக்காரன் எல்லாரையும் ஒரேமாதிரி ஏசிக்கொண்டு போனான். இத்தனை விதமான சனம், யாரும் யாரையும் முட்டலாம், உரசலாம். கை படக்கூடாதவள் அவள் ஒருத்திதான்.

“அம்மா, கொஞ்சம் காலை எடுங்க.”

கடையில் நிற்கிற முஸ்லிம் நானா. ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு அரக்குச் சீலை.

“உள்ளுக்கு டியூப் லைட்ல நெறம் சரியா வெளங்கல்லயாம். வெளிச்சத்துல பாக்கச் சொல்றாங்க.”

நாகேஸ்வரியின் முன்னால் சீலையை விரித்துப் பிடித்தார். சீலையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பிறகு மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எழும்பி வந்து பார்க்கவும் அவைக்கு ஏலாதாக்கும் என்று நினைத்தாள்.

அடுத்தது கத்தரிப்பூ நிறம். அதற்கடுத்தது பச்சை. உள்ளேயிருந்து உதயகலாவின் குரல் கேட்டது.

“நானா, இதையும் ஒருக்கா வெளியிலை கொண்டுபோய்ப் பாருங்கோ!”

“உனக்கென்ன விசரே?” என்றாள் நல்லம்மா. “சிவப்பெண்டால் சிவப்புத்தானே? வெயிலுக்குப் போனால் நீலமாகுமே?”

“எனக்கு நிறம் வடிவா விளங்கோணும் மச்சாள்.”

நாகேஸ்வரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. தொடவும் விடாமல், ஒவ்வொன்றாய்க் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவது வேறு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை.

ஐந்தாவதாக வந்தது செவ்விளநீர் நிறம். அரக்குக் கரை.

நெஞ்சு ஒருமுறை துள்ளியது. வினோஜாவின் மாநிறத்துக்கு எப்படி எடுத்துக் காட்டும்! கை தன்பாட்டில் எழும்பியது. பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள். அழுதும் காட்டுவதில்லை, சிரித்தும் காட்டுவதில்லை. அந்த வீறாப்பு ஒன்றுதான் கையில் மிச்சம்.

நானா பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உதயகலா ஒருமுறை வாசலுக்கு வந்தாள்.

“சம்மந்தி, வெயில் சுடுதே?”

“இல்லை. பழகினதுதான்.”

உதயகலா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். “நேரம் போகுதடி!” என்று நல்லம்மா கூப்பிட்டாள். திரும்பிப் போய்விட்டாள்.

ஆறு, ஏழு, எட்டு. நாகேஸ்வரியின் முகம் அசையவில்லை.

ஒன்பதாவதைக் கொண்டு வந்தபோது பத்தேகால். நானாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சீலையை மடியில் போட்டுக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

பார்க்கப் பாவமாயிருந்தது நாகேஸ்வரிக்கு.

“நானா, பிடிக்கேல்லையெண்டால் வேறை கடை பாக்கச் சொல்லுங்கோவன். உங்களை ஏன் அவை இந்தப் பாடு படுத்துகினம்?”

நானா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். நல்லம்மா கைவிசிறியோடு அடுத்த கட்டுச் சீலைகளைக் குடைந்துகொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பாடு படுத்துறது அவங்க இல்லம்மா, நீங்கதான்! ‘வெளிய இருக்கிற அம்மாட மொகம் எந்தச் சாரிக்கு மலருதோ அதக் கட்டிக் குடுங்க, மச்சாளுக்கு மட்டும் தெரியவேணாம்’ண்டு மாப்புளட உம்மா என்ட காதுல சொல்லியிருக்காங்க. பத்தரைக்கு உங்களுக்கு ராகுகாலம், பன்னண்டுக்கு எனக்கு ஜும்ஆத் தொழுக. அல்லாவுக்காக, ஒண்டுக்காவது சிரிங்கம்மா!”