நாலரை நிமிடம்

தையல் மெஷினுக்கும் துணி வெட்டும் மேஜைக்கும் நடுவே தையல்காரர் விழுந்து துடிக்கிறார். மூளையில் சீழ்க்கட்டி வந்ததிலிருந்து இது ஆறாவது வலிப்பு. ஜன்னல் வெயில் ஈவிரக்கமில்லாமல் அவர் முகத்தில் அடிக்கிறது. குதிகால் தரையில் இடிக்க இடிக்க, மேஜைமேல் குண்டூசி டப்பா கிலுகிலுக்கிறது. மனைவி கத்தரியைக் காலால் தள்ளிவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதி தைத்த சட்டையை மடித்துத் தலைக்கு அடியில் கொடுக்கிறாள். பிறகு சுவர்க் கடிகாரத்தையே முறைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் என்று டாக்டர் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். தையல்காரரின் தங்கை கரண்டியோடு ஓடிவந்து அவர் வாயைத் திறக்கப் பார்க்கிறாள். மனைவி அந்தக் கையைத் தட்டிவிட, கரண்டி மெஷினுக்கு அடியில் போய் விழுகிறது. "அண்ணன் உயிர் போகுது, நீங்க மணி பாத்துட்டு இருக்கீங்க! நல்லா வந்து வாய்ச்சீங்க அண்ணி!" என்று தங்கை கத்துகிறாள். "வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? தள்ளி நில்லு. மூணு நிமிஷம் ஆச்சு." நாலரையில் உடம்பு அடங்குகிறது. அவர் கண்ணைத் திறந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொள்கிறார். மனைவியைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று கேட்கிறார். தங்கையின் முகம் மலர்கிறது. அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. மனைவி நோட்டை எடுத்து நாலரை நிமிடம் என்று எழுதுகிறாள். அடுத்த வரியில், 'என்னை அடையாளம் தெரியவில்லை' என்று எழுதுகிறாள்.