சடையன் வீட்டுக் கடலைக் கணக்கு

பூவரச மரத்துப் பொந்தில் சடையன் என்ற அணிலும் அவன் மனைவி மரிக்கொழுந்தும் குடியிருந்தார்கள். மழைக்காலத்துக்கென்று இருவரும் நிலக்கடலை சேர்த்தார்கள். மரிக்கொழுந்து வயலிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைப்பாள். சடையன் எடுத்து உள்ளே அடுக்குவான். கணக்குக்காக மரப்பட்டையில் ஒரு கடலைக்கு ஒரு கீறல்.

கீறல்கள் மளமளவென்று பெருகின. "நம்ம வீட்ல இவ்வளவா!" என்று பூரித்துப்போய், வந்த விருந்தாளிக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தார்கள். கொடுத்ததற்கெல்லாம் கீறலைக் குறுக்கே அடித்தார்கள். அப்படியும் பாதிக் கீறல் மிச்சம் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பொந்துக்குள் கை விட்ட சடையனுக்கு வெறும் தோல்தான் அகப்பட்டது. பட்டையில் கீறல் இருக்கிறது, கடலையைக் காணோம். நேரே மரத்தடி வளைக்கு ஓடினான்.

"எலியண்ணே, எங்க கடலையை எடுத்தது நீங்கதானே?"

"திருடித் தின்னா இவ்வளவு ஒல்லியாவா இருப்பேன்?" என்றபடி எலியண்ணன் மேலே ஏறிவந்து பட்டையைப் பார்த்தார். "இதையெல்லாம் யாரு கீறினது?"

"கொண்டுவந்து வச்சதும் நான் கீறிடுவேன்," என்றாள் மரிக்கொழுந்து.

"அடுக்கி முடிச்சதும் நான்தானே கீறுறேன்!" என்றான் சடையன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையனின் வால் மெல்லத் தொங்கிப்போனது.

"மன்னிச்சிருங்கண்ணே."

"விடு தம்பி. என்மேல சந்தேகப்பட்டதே நல்லதாப்போச்சு. நீங்க ஒருத்தர்மேல ஒருத்தர் பட்டிருந்தா, இந்த மழையில யாரு வெளிய போறது? வாங்க, வளையில கொஞ்சம் நெல்லு கிடக்கு."