ரோடு வேலை நடக்கிறது

"இது அநியாயம்! லைட் ஹவுஸைக் காட்டுறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

முன் சீட்டிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் போட்ட சத்தத்தில், வேன் டிரைவரே ஒரு கணம் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

ரிட்டயர் ஆகிவிட்டாலும் உறவு முழுக்க அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சொன்ன நேரம், சொன்ன சொல், இரண்டும் தப்பக்கூடாது அவருக்கு.

தீவைச் சுற்றிக்காட்டும் அரை நாள் பயணம் அது. முதலில் அருவி, அடுத்து குன்றின் மேல் இருக்கும் கலங்கரை விளக்கம், கடைசியில் கண்ணாடிப் படகு. அருவி முடிந்து எல்லோரும் வேனில் ஏறியதும்தான் கைடு பெண்மணி அந்தக் குண்டைப் போட்டாள்.

"குன்றுக்குப் போற ரோட்டுல வேலை நடக்குதாம் சார். நேரா படகுக்குப் போயிடலாம்."

"காலையில கிளம்பும்போது நடக்காத வேலை, இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"இப்பத்தான் போன் வந்துச்சு சார்."

"விடுங்களேன்" என்றாள் மனைவி.

"எப்படி விடறது? ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எதிர்ச் சுவத்துல இருந்த காலண்டர்ல தினமும் அந்த லைட் ஹவுஸைத்தானே பார்த்துட்டுக் கிடந்தேன்? எழுந்து நடமாடினா அது மேல ஏறி நிக்கணும்னு நினைச்சேன். நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சு அஞ்சு மாசம் ஆச்சு. இப்ப நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

குத்துக்கல்தான். அருவிக்கு இறங்கிவிட்டு மேலே ஏறும்போது மட்டும், பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காட்சியை ரசித்தார். மேலே வந்ததும், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போய் நிதானமாகத் திரும்பி வந்தார்.

இப்போது அவர் பின்பக்கம் திரும்பினார். தனி மரம் தோப்பாகாது என்றெல்லாம் நினைக்கிறவர் இல்லை. ஆனாலும் நாலு பேர் சேர்ந்து குரல் கொடுத்தால் காரியம் நடக்கும்.

"ஏம்மா, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. உங்களுக்கு லைட் ஹவுஸ் பார்க்க ஆசையில்லையா?"

"எனக்குச் செருப்பு கடிச்சிருச்சு அங்கிள்" என்றாள் புதுப்பெண். அவள் கணவன் பலமாகத் தலையாட்டினான்.

"சார், நீங்க? துப்பாக்கி மாதிரி கேமராவைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே?"

கேமராக்காரர் நெளிந்தார். "உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு உயரம்னா பயம் சார்."

'உப்புச் சப்பில்லாத ஜனங்க' என்று முணுமுணுத்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் திரும்பிக்கொண்டார். தட்டிக் கேட்க ஒருத்தருக்கும் துப்பில்லை. இப்படி இருந்தால் ஏமாற்றுகிறவன் ஏன் ஏமாற்ற மாட்டான்?

படகில் ஏறியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். அடியில் பதித்த கண்ணாடி வழியே மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று போனது. பார்க்காத மாதிரி பார்த்தார். அடுத்து தட்டு அளவு நீல மீன் ஒன்று கண்ணாடியில் வாயை ஒட்டி, அவர் முகத்தையே முறைத்தது.

"இங்க பாருடி! உங்க அண்ணனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!"

படகே சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து மனைவி பார்த்தது அன்றைக்குத்தான்.

படகு வளைந்து திரும்பியபோது குன்றும், அதன் மேல் வெள்ளை வெளேரென்று கலங்கரை விளக்கமும் தெரிந்தன. கரை வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சுற்றுலா அலுவலகத்து வாசலில் வேன் அவர்களை இறக்கிவிட்டது.

"நீ இந்த பெஞ்சுல உட்காரு. உள்ள போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"வேண்டாங்க..."

அதற்குள் அவர் கவுன்ட்டருக்குப் போய்விட்டார்.

"ரோடு வேலையா?" கவுன்ட்டர்க்காரர் விழித்தார். "இப்பத்தான் அந்த வழியா வண்டியில வந்தேன். ரோடு நல்லாத்தானே இருக்கு? மத்தியான வேன்கூட லைட் ஹவுஸுக்குத்தான் கிளம்புது, வாசல்ல நிக்குது பாருங்க."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கைடை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று வாசலுக்கு விரைந்தவர், கதவருகிலேயே நின்றுவிட்டார்.

மத்தியான வேனில் புதுமணத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கேமராக்காரர். புதுப்பெண் ஜன்னல் வழியே, வெளியே நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"அருவிப் படியிலேயே அங்கிளுக்கு முகம் வெளுத்துப் போச்சு ஆன்ட்டி. லைட் ஹவுஸ்னா ஏறாம விடவே மாட்டாரு. அவரைக் கீழ உட்கார வெச்சுட்டு நாங்க மட்டும் மேல போனா நல்லாவா இருக்கும்? அதான் கைடுகிட்ட அப்படிச் சொல்லச் சொன்னோம். அவருக்குத் தெரிய வேண்டாம், பாவம்."

"என்னை பயந்தாங்கொள்ளின்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்மா" என்று சிரித்தார் கேமராக்காரர்.

ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் காட்டாமல் உள்ளே நகர்ந்து நின்றார். வேன் கண்ணுக்கு மறையும்வரை வெளியே வரவில்லை. பிறகு தொண்டையை நன்றாகச் செருமிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

மனைவி பயந்து பயந்து கேட்டாள். "என்னங்க... உள்ள என்ன சொன்னாங்க?"

"ரோடு வேலை நடக்குறது நிஜம்தானாம். நிதானமாவே பண்ணுங்க, அடுத்த வருஷம் நாங்க மறுபடி வர்றோம்னு சொல்லிட்டு வந்தேன்."