தவக்காலத்தில் ஒரு தூண்டில்

அடுத்த வருஷம் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த ஏரி மீன் தன் தூண்டிலில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கணேசமூர்த்தி தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

ஜீவனஹள்ளி வீட்டு ஹாலில் புதுக் காலண்டர் விரித்துக் கிடந்தது. இந்தப் பக்கம் டொமினிக், அந்தப் பக்கம் லாயிட். மூன்று பேருக்கும் பீன்யா ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்ட். அங்கே காட்டாத அக்கறையெல்லாம் இங்கே காலண்டரில் காட்டினார்கள்.

"ஜனவரி கனகபுரா பக்கம். பிப்ரவரி ஓசூர் அணை. புரட்டாசி மட்டும் வேணாம்டா, பெருமாள் கோவிச்சுக்குவார்" என்றார் கணேசமூர்த்தி.

மற்ற மாசமெல்லாம் பெருமாளுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தபடி அவர் மனைவி சாந்தகுமாரி மறுபடியும் டீ கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டில் நடக்கும் கூத்துக்கெல்லாம் மீன்தான் காரணம். பேரனுக்குப் பேர் வைத்த அன்று, "நானே பிடிச்சது!" என்று வந்த ஜனம் அத்தனைக்கும் மீன் வறுவல் பரிமாறினார் மனுஷன். மருமகன் கிரண் மங்களூர்க்காரன். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் போயிருக்கலாம்.

"மாவா, இது வஞ்சிரம். கடல் மீன் எப்போ ஏரிக்கு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டான்.

பந்தியே சிரித்தது. அவ்வளவுதான்.

"நான் இருக்கிற வீட்ல இனிமே அவன் கால் வைக்கக் கூடாது!"

பொய் சொன்னவருக்கு ரோஷம், உண்மை சொன்னவனுக்குத் தண்டனை. என்ன நியாயமோ! "அவர் வராத வீட்டுக்கு நான் மட்டும் எப்படிம்மா வருவேன்?" என்று மகள் சிந்துவும் நின்றுவிட்டாள்.

சாந்தகுமாரி ஒன்றும் சளைத்தவள் இல்லை. அவர் இருக்கும்போதுதானே வரக் கூடாது? தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பினால் போதும், இவள் போனை எடுப்பாள். கொஞ்ச நேரத்தில் மகள், மருமகன், பேரன் மூவரும் ஆஜர். அவர் திரும்புவதற்குள் பொம்மையெல்லாம் பொறுக்கி, வீட்டைத் துடைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி டீவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அந்த மண்ணாந்தைக்கு இதுவரை துளி சந்தேகம் வந்ததில்லை.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். மார்ச் எட்டு, ஞாயிறு. பேரனுக்கு முதல் பிறந்தநாள். அன்றைக்கு இவர் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், குழந்தை எங்கேயோ யார் வீட்டிலோ கேக் வெட்டும். அது மட்டும் நடக்கக் கூடாது.

'போங்க' என்று சொன்னால் போக மாட்டார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

"ஏங்க, எங்க வேணா போங்க. மார்ச் எட்டாம் தேதி மட்டும் போகக் கூடாது, சொல்லிட்டேன். அன்னைக்கு தண்ணி சம்ப் கழுவணும்."

"எட்டாம் தேதியா?" கணேசமூர்த்தி நிமிர்ந்தார். "அன்னைக்குத்தான் போகணும். எழுதுடா லாயிட்."

நடுவில் கல்லைப் போட்டார் டொமினிக். "ஏன் குரு, அது தவக்காலமாச்சே! ஈஸ்டர் வரைக்கும் நாங்க கவிச்சி தொட மாட்டோம். தூண்டிலைக் கையில பார்த்தா வீட்ல கேத்தரின் வெளக்குமாத்த எடுப்பா."

சாந்தகுமாரிக்குத் திக்கென்றது. கர்த்தரே, இது என்ன சோதனை!

"பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடலாம்டா" என்றார் கணேசமூர்த்தி.

"அப்புறம் எதுக்குப் பிடிக்கணும்?" என்றார் லாயிட்.

"காத்து வாங்க."

"ஏன், ஜீவனஹள்ளியில காத்து தீந்து போச்சா?"

"டேய், வரீங்களா, இல்ல நான் ஒண்டியா போவட்டா?"

டொமினிக் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, வரேன். ஆனா தூண்டிலைத் தொட மாட்டேன். கரையில குந்திக்கினு ஜெபம் பண்றேன்."

"ஆமா, நான் ஒருத்தி இங்க மாடா உழைக்கணும், துரைமாருங்க ஏரிக்கரையில ஜெபம் பண்ணணும்!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிச்சனுக்குள் போனாள் சாந்தகுமாரி. போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீன் பிடிப்பது எப்படி என்று இந்த ஆள் தன்னிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்!

நண்பர்கள் கிளம்பிப் போனார்கள். அதிசயமாக, டீ கிளாஸ்களைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு கிச்சனுக்கு வந்தார் கணேசமூர்த்தி. தொண்டையைக் கனைத்தார்.

"எட்டாம் தேதி நான் வர ராத்திரி ஆயிடும். நீ பாட்டுக்கு அவங்களை சாயங்காலமே விரட்டிடாதே."

"எ... எவங்களை?"

"போன தடவை புள்ளைய பாதித் தூக்கத்துல தூக்கிக்கினு போனாங்க. பாவம், அழுதுக்கினே போச்சு. நான் தெருமுனை பேக்கரியிலதான் நின்னுக்கினு இருந்தேன்."

சாந்தகுமாரி கிளாஸைக் கழுவாமலே கையில் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சேதான் தூண்டிலைத் தூக்கிட்டுப் போறீங்களா? இந்தத் தடவையாவது கூட இருங்களேன். புள்ள இப்ப நடக்குதுங்க."

"அதெப்படி? சபதம்னா சபதம்தான்!" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வாசற்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கேக் வெட்டுறதை வீடியோ எடுத்து டொமினிக் போனுக்கு அனுப்பச் சொல்லு. என் போனுக்கு வேணாம். நான் உன் மருமகன் மேல கோவமா இருக்கேன்."