மடகாஸ்கர் மழை

"'குர்மான்'... 'குர்மான்'... நாக்கு நுனியில நிக்கறது, வரமாட்டேங்கறதே கமலம்!"

யதிராஜன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிர் நாற்காலியில் செல்வதுரை நெளிந்தான். அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. மலையில் கோகோ பயிரிடப் போகும் ஒரு கம்பெனிக்காக மடகாஸ்கரிலிருந்து கோகோ சாகுபடி பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வந்திருந்தது. அதை இங்கிலீஷில் எழுதித் தர ஊரில் யதிராஜனை விட்டால் ஆள் கிடையாது. வாலிபத்தில், சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டதையும் மீறிக் கடல் தாண்டிப் போய், அந்தத் தீவில் கோகோத் தோட்டத்தில் கணக்கெழுதியவர்.

ஆனால் இப்போது ஞாபகம் அவருக்குத் தண்ணி காட்டுகிறது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடும். கையில் பிரெஞ்சு இருக்கும், இங்கிலீஷ் ஓடிப் போயிருக்கும்.

"மாமி, தப்பா எடுத்துக்கிடாதிய," என்றான் செல்வதுரை, யதிராஜன் மனைவியிடம் மெதுவாக. "இன்னைக்கு இந்த அத்தியாயம் முடியலன்னா புஸ்தகத்த வாங்கிட்டு வந்துரு, பாக்கிய மெட்ராஸ்ல குடுத்துக்கிடலாம்னு மேனேஜர் சொல்லுதாரு."

காபியை நீட்டிய மாமியின் முகம் வாடிப் போயிற்று.

"இந்தப் புஸ்தகம் வந்தப்புறந்தான் மனுஷர் வாயைத் திறந்து பேசறார். இதையும் பிடுங்கிட்டா மறுபடி சுவத்தையே பாத்துண்டு உக்காந்துடுவார். கொஞ்சம் பொறுங்கோ, நான் முடிக்க வைக்கறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அடிமரத்துலேர்ந்து வெடுக்குனு ஒரு கொம்பு கிளம்புமே! காய்க்கவும் காய்க்காது, மரத்துச் சத்தையெல்லாம் தின்னுட்டுத் தெனாவெட்டா நிக்கும். நீங்க கத்தியை எடுத்துண்டு போய்ச் சீவுவேளே. நீங்க நாலாவது தோசை கேட்டா நான் அதும்பேரைச் சொல்லித்தானே கேலி பண்ணுவேன்?"

கிழவர் முகம் மலர்ந்தது.

"குர்மான்னா தீனிப்பண்டாரம்! ஆமா, தோட்டத்துல எல்லார் எதிர்லயும் சொல்லி மானத்தை வாங்குவே. சக்கர்! சத்தை உறிஞ்சறதோன்னோ, இங்கிலீஷ்ல சக்கர்னு பேரு." பேனா ஓட ஆரம்பித்தது.

அட, இதென்ன வித்தை என்று செல்வதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த பத்தியில் மறுபடி வண்டி நின்றது. மாமி விடவில்லை.

"பழத்தை உடைச்சுக் கொட்டையை அம்பாரமாக் குவிச்சு, வாழையிலையைப் போட்டு மூடுவா. அஞ்சாறு நாளைக்கு அப்படியே கிடக்கும். கையை வச்சா சுடும், நீர் வடியும். அந்தப் புளிச்ச நாத்தத்தோட நீங்க வீட்டுக்கு வந்தா, குளிச்சாத்தான் உள்ள விடுவேன்."

"வேர்க்கும்! ஸ்வெட்டிங்!"

"முத்துக்குளிப்புக் காலத்துல சிப்பியக் குவிச்சு அழுக விடுவாவளே, அந்த மாதிரியா மாமி?" என்று செல்வதுரையும் வாயைக் கொடுத்தான். "நாத்தம் ஊரைத் தூக்கும். இப்ப குளிப்பே நின்னு போச்சு, அந்த நாத்தத்துக்கும் ஏக்கமா இருக்கு, பாத்துக்கிடுங்க."

மூவரும் சிரித்தார்கள். ஆபீஸ், மேனேஜர் எல்லாம் செல்வதுரைக்கு மறந்தே போயிற்று.

கடைசிப் பத்தி, கொட்டை காயப்போடுவது. மாமி கேட்பதற்குள் கிழவரே ஆரம்பித்துவிட்டார்.

"சக்கரம் வச்ச தட்டு. மழை வந்தாக் கூரைக்கடியில தள்ளணும். ஒருநாள் ரெண்டு பேருமா ஓடினோமே, நீ நீலப் புடவையோட சேத்துல விழுந்தியே! நனைஞ்சுண்டே ஒரு பாட்டுப் பாடினே. என்ன பாட்டு கமலம் அது? ஒரு அடி பாடேன்."

மாமி சட்டென்று எழுந்தாள். "போங்கோ, வந்தவர் எதிர்ல பாட்டு ஒண்ணுதான் குறைச்சல். எழுதி முடிங்கோ முதல்ல."

இந்த வயதிலும் இவ்வளவு வெட்கமா என்று செல்வதுரைக்குச் சிரிப்பு வந்தது. அவன் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதே ரேஷன் கடையைப் பற்றித்தான். கொடுத்து வைத்த ஜோடி என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அத்தியாயம் முடிந்தது. தாள்களை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மாமியும் கூட வந்தாள்.

"பாக்கிப் புஸ்தகம் இங்கனயே இருக்கட்டும் மாமி. மேனேஜர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

மாமி கையெடுத்துக் கும்பிட்டாள். "நன்னா இருப்பேள்."

"சாருக்கு மறந்தாலும் உங்களுக்கு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கே! மடகாஸ்கர்ல எத்தன வருசம் இருந்திய?"

"நானா?" மாமி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவை லேசாகச் சாத்தினாள். "நான் கொழும்பைக்கூடப் பாத்ததில்லை. அங்க போனது எங்க அக்கா கமலவல்லி. ரெண்டே மழைக்காலம். பிரசவத்துல அங்கேயே போயிட்டா. இவர் தனியாத் திரும்பி வந்தார். வழக்கப்படி தங்கை என்னைக் கட்டிக் கொடுத்தா. கல்யாணமான புதுசுல விடிய விடிய அக்கா கதைதான், அழுதுண்டே சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அந்தப் பாட்டு என்னன்னு மட்டும் சொன்னதேயில்லை."

படியிறங்கப் போன செல்வதுரை திரும்பினான். "அப்ப... உங்க பேரு?"

"கிருஷ்ணவேணி." மாமி சிரித்தாள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. "அந்த ரெண்டு மழைக்காலந்தான் அவருக்கு மிஞ்சியிருக்கு. நான் ஒரு ஆயுசு முழுக்க இவரோட குடித்தனம் பண்ணினேன், அதுல ஒருநாள்கூட ஞாபகத்துல இல்லை."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"கமலம்! மழை வரது, தட்டைத் தள்ளணும், ஓடி வா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன்னா!" என்று கிருஷ்ணவேணி உள்ளே ஓடினாள்.